அமெரிக்கப் போன் ஊருக்கு வருகிறதா? பூட்டைத் திறந்து அனுப்பச் சொல்லுங்கள்

அமெரிக்காவில் இருக்கும் அக்கா லீவுக்கு வரும்போது தன் ஐபோனை அம்மாவுக்காகக் கொண்டுவருகிறார். ஆசையாக நம்மூர் சிம்மைப் போட்டதும் 'சிம் நாட் சப்போர்ட்டட்' என்று வருகிறது. போனில் கோளாறு ஒன்றும் இல்லை. விற்ற கேரியர், அதாவது அங்குள்ள செல்போன் சேவை நிறுவனம், தன் சிம்மைத் தவிர வேறெதையும் ஏற்காதபடி அதைப் பூட்டி வைத்திருக்கிறது. கேரியர் லாக் என்பது இதுதான்.

ஊருக்கு வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதுதான் பெரிய தவறு. அங்கே பலரும் கேரியரிடமே தவணையில் போன் வாங்குகிறார்கள். 24 மாதம், 36 மாதம் என்று ஓடும். பொதுவாக, பாக்கி முழுவதும் கட்டி, குறிப்பிட்ட நாட்கள் அவர்கள் சிம்மில் ஓடியிருந்தால்தான் திறந்து விடுவார்கள். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் கேட்பதே நல்லது, அதுவும் லைனை ரத்து செய்யும் முன். எங்கள் வீட்டுப் போனுக்கு ஒரு டாலர்கூடப் பாக்கி இல்லை. இருந்தும் 'கணக்கு மூடியாகிவிட்டது' என்று சொல்லி மூன்று வாரம் அலைக்கழித்தார்கள்.

பணம் கட்டி முடித்ததும் தானாகத் திறந்திருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போய் 'கேரியர் லாக்' வரியைப் பாருங்கள். 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்றிருந்தால் சரி. ஆண்ட்ராய்டு என்றால், விமானம் ஏறும் முன் நண்பரிடம் வேறு கம்பெனி சிம்மை வாங்கிப் போட்டுப் பார்ப்பதே நம்பகமான வழி.

அப்புறம் கைவைத்தியம். ஃபேக்டரி ரீசெட் செய்தால் படங்கள் போகும், பூட்டு போகாது. சில கடைகளில் சிம்மோடு மெல்லிய சிப் ஒன்றைச் சேர்த்து ஓட்டித் தருவார்கள். பூட்டு அப்படியேதான் இருக்கும். அடுத்த அப்டேட்டில் சிக்னல் நின்றுபோகலாம். கேரியர் பூட்டைத் திறக்கும் ரகசிய எண்ணை (அன்லாக் பின்) போன் கேட்டால் ஊகித்துப் போட்டுப் பார்க்கவே கூடாது. தவறான முயற்சிகளுக்கு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் சரியான எண்ணையும் ஏற்காமல் போகலாம்.

பழைய போன் வாங்குபவர்கள் ஐகிளவுட் பூட்டையும் இதையும் ஒன்றாக நினைக்கிறார்கள். ஐகிளவுட் பூட்டு முந்தைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்குப் பாஸ்வேர்டு சம்பந்தப்பட்டது; கேரியரால் ஒன்றும் செய்ய முடியாது. இன்னொன்று, அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14-இல் சிம் போடும் இடமே கிடையாது. பூட்டு இல்லாவிட்டாலும் இசிம்தான் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) வாங்க வேண்டும்.

பூட்டைத் திறப்பது சட்டவிரோதம் என்று இன்னும் சிலர் பயப்படுகிறார்கள். 2013 ஜனவரி 26-க்குப் பின் வாங்கிய போனை கேரியரின் அனுமதியில்லாமல் திறப்பது அமெரிக்காவில் பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டப்படி குற்றமாகத்தான் ஆனது. காசு கொடுத்து வாங்கிய பொருளை வேறு சிம்மில் பயன்படுத்தக் குற்றவாளியாக வேண்டுமா என்று கொதித்து, வெள்ளை மாளிகைக்கான மனுவில் 1,14,000-க்கும் அதிகமானோர் கையெழுத்திட்டார்கள். 2014 ஆகஸ்ட் 1 அன்று ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் அந்த உரிமையைத் திருப்பித் தந்தது. ஆனால் பூட்டி விற்பதை அது தடுக்கவில்லை. எனக்கு இதுதான் உறுத்துகிறது. தவணை பாக்கியென்றால் வசூலிக்க ஒப்பந்தம் இருக்கிறது, அபராதம் இருக்கிறது. போனையே பிணையாகப் பிடித்து வைப்பது, வாடிக்கையாளர் மலிவான சேவைக்கு மாறிவிடாமல் தடுக்கத்தான் உதவுகிறது.

கனடா 2017 டிசம்பரிலேயே பூட்டிய போன் தருவதற்கும் திறக்கக் கட்டணம் வாங்குவதற்கும் தடை போட்டது. ஜப்பானும் பிரிட்டனும் 2021-இல் பூட்டுக்கு முடிவு கட்டின. அதனால் டொராண்டோ சித்தப்பா புதிதாக வாங்கி அனுப்பும் போனைப் பற்றிக் கவலை குறைவு. அமெரிக்க அக்காவிடம் மட்டும், கேரியர் கடைக்குப் போகாமல், முழு விலை கொடுத்து 'அன்லாக்டு' என்று குறிப்பிட்டு விற்பதையே வாங்கச் சொல்லுங்கள்.