‘ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போங்க’ என்று போன் வந்தால்

போனிலேயே நாலு விவரம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: பேசுபவர் பெயர், பதவி, எந்த ஸ்டேஷன், எஃப்.ஐ.ஆர் அல்லது சி.எஸ்.ஆர் (புகார் பெற்றதற்கான ரசீது) எண். ‘நேர்ல வாங்க, சொல்றோம்’ என்பார்கள். ‘நோட்டீஸ் கொடுங்க சார், கண்டிப்பா வர்றேன்’ என்று சொல்லுங்கள். ‘வர மாட்டேன்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுத அது ஒன்றே போதும்.

எழுத்தில் கேட்பது வீம்புக்காக அல்ல. வாய்மொழியாகக் கூப்பிட்டால் கூப்பிட்டதற்கே ஆதாரம் இருக்காது. அத்துமீறல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

நோட்டீஸ் வந்ததும் பிரிவு எண்ணைப் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இருக்கிறது. அதில் 179 என்றால் சாட்சியாக அழைக்கிறார்கள். அந்த ஸ்டேஷன் எல்லையிலோ பக்கத்து ஸ்டேஷன் எல்லையிலோ இருப்பவரைத்தான் அப்படி அழைக்க முடியும். பெண்கள், 15 வயதுக்குக் கீழ் அல்லது 60-க்கு மேல் உள்ள ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். பையன் கிடைக்கவில்லை என்று அம்மாவைக் கூட்டிப்போய் உட்கார வைப்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை.

35(3) என்றால் சந்தேகம் உங்கள் மேல். வக்கீலைப் பார்த்துவிட்டு, சொன்ன தேதியில் போய்விடுங்கள். நோட்டீஸுக்குக் கட்டுப்பட்டு வருபவரைக் கைது செய்ய வேண்டுமானால் காரணத்தை எழுதிவைத்தாக வேண்டும். இந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025-ல் சொல்லியிருக்கிறது. அதற்காகப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்காதீர்கள். ‘நேரில் கொடுங்கள், வருகிறேன்’ என்று பதில் போட்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

உள்ளே பலரும் சறுக்குவது கையெழுத்தில். விசாரணையில் நீங்கள் சொல்வதை போலீஸ் எழுதிக்கொள்ளலாம். அந்த வாக்குமூலத்தில் உங்கள் கையெழுத்து வாங்கக் கூடாது, பிரிவு 181 அப்படித்தான் சொல்கிறது. வெள்ளைத்தாளை நீட்டினால் மறுத்துவிடுங்கள். வேறு ஏதாவது தாளில் கையெழுத்திட நேர்ந்தால், முழுதும் படித்து, காலி இடத்தைக் கோடு போட்டு அடித்து, தேதியும் நேரமும் எழுதுங்கள். செல்போனை எடுத்துக்கொண்டால், போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ எண்ணோடு பறிமுதல் மகஜர் (எடுத்ததற்கான எழுத்துப் பதிவு) கேளுங்கள். பறிமுதலை வீடியோ எடுப்பது பிரிவு 105-ன்படி அவர்கள் கடமை.

‘கைது இல்லை, சும்மா விசாரணைதான்’ என்று ராத்திரி முழுக்க உட்கார வைப்பது, கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்ற விதியை ஏமாற்றும் பழைய வழி. அதனால் உள்ளே போன நேரத்தை வெளியே இருப்பவருக்கு மெசேஜ் அனுப்பிவிட்டுப் போங்கள். விடவில்லை என்றால் அவர் எஸ்.பி. அல்லது கமிஷனருக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் உடனே மின்னஞ்சல் அனுப்பட்டும். உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு (பிடித்து வைத்தவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் மனு) போட அந்த நேரக்குறிப்பு வேண்டும். ஸ்டேஷன்களில் சிசிடிவி கட்டாயம் என்பது 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அன்றைய பதிவை அழிக்காமல் வைக்கும்படி மறுநாளே எழுத்தில் கேட்டு, மனு அனுப்பிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.