கடைசியாக எதைக் கேட்டீர்களோ, அதுதான் பதில்

போன வாரம், கற்றல் குறைபாடு உள்ள பெரியவர்கள் வந்து போகிற எங்கள் பகல்நேர நிலையத்துக்குப் புதிதாக இரண்டு பிள்ளைகள் வேலைக்கு வந்தார்கள். பத்து மணித் தேத்தண்ணி நேரம். பழக்கூடையும் பிஸ்கட் டின்னும் பின்னால் மேசையில் இருக்க, ஒரு பிள்ளை முப்பத்தைந்து வயது அண்ணன் ஒருவருக்கு முன்னால் குனிந்து "அண்ணே, பழமா, பிஸ்கட்டா?" என்று பாசமாகத்தான் கேட்டாள். "பிஸ்கட்" என்றார். உடனே கொப்பியை எடுத்து "பழம் வேண்டாம் என்றார்" என்று எழுதினாள். எனக்குச் சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் மேல் கோபம் இல்லை. பதினோரு வருசத்துக்கு முன்னால் அதே மாதிரிக் கொப்பியில் அதே மாதிரி வரியை எழுதியவள் நான்.

எண்ணெயைக் குறை, சீனியைக் குறை என்பதெல்லாம் கிளினிக் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது, அதை இங்கே எழுதப் போவதில்லை. கற்றல் குறைபாடு என்று நான் சொல்வது வாசிக்கத் தடுமாறுவதை மட்டும் அல்ல. ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளவும் முடிவெடுக்கவும் சின்ன வயதிலிருந்தே உதவி தேவைப்படுகிறவர்களைத்தான் சொல்கிறேன். அவர்களுடைய சாப்பாட்டு விஷயத்தில் நாம் விழுகிற குழிகளே வேறு.

கேட்டோம், சொன்னார், எழுதிவிட்டோம்

தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வருவார் அவர். தம்பி என்றே வைத்துக்கொள்வோம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருசம், மதியச் சாப்பாட்டுக்கு ஒவ்வொரு நாளும் "சோறும் மரக்கறியுமா, ரொட்டியா?" என்று கேட்பேன். எப்போதும் அதே வரிசை, ஏனென்றால் ரொட்டிச் சட்டி எனக்கு இடது பக்கம் கடைசியில் இருக்கும். "ரொட்டி" என்பார். கோதுமை மா ரொட்டி, கட்டைச் சம்பல். பதினான்கு மாதம் இப்படியே போனது. கொப்பியில் "மரக்கறி விருப்பமில்லை" என்று நான் எழுதிய வரியைப் பார்த்துத்தான் அடுத்து வந்தவர்களும் தட்டில் போட்டார்கள். பிறகு "கேட்டுப் பார்த்தோம், ரொட்டிதான் வேணுமாம்" என்று எல்லாரும் சொல்லத் தொடங்கினோம். உடம்பு ஏறியது, மலச்சிக்கல் முற்றி ஒருநாள் இரவு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், அங்கேயும் "மரக்கறி தொடமாட்டார்" என்றே எழுதிக் கொடுத்தோம்.

அப்புறம் ஒருநாள் நான் லீவு. சமையல் அக்கா வரிசையை மாற்றி "ரொட்டியா, சோறா?" என்று கேட்டிருக்கிறார். "சோறு" என்றாராம். அக்கா அதை ஏதோ அதிசயம் மாதிரி மறுநாள் என்னிடம் சொன்னார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தம்பிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வெளியே கண் தெரியாத மழை, தகரத்தில் சத்தம் காதை அடைக்கிறது. "தம்பி, வெளிய மழையா, வெயிலா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே "வெயில்" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. நீளமான கேள்வியில் கடைசிச் சொல் மட்டும் கையில் நிற்கிறது, அதைத் திருப்பிக் கொடுக்கிறார். "மரக்கறி பிடிக்குமா?" என்று ஒற்றையாகக் கேட்டாலும் அதே கதைதான், "ஆமா" என்பார், "பிடிக்காதா?" என்றாலும் "ஆமா" என்பார். "ஆமா" என்றால் கேட்கிறவர் முகம் மலரும், சண்டை வராது. இத்தனை வருசப் பழக்கத்தில் அவர் கற்றுக்கொண்ட மரியாதை அது.

எனக்கு இன்றைக்கும் ஆறாதது இதுதான்: விசயத்தைச் சொல்லலாம் என்று அவர் வீட்டுக்குப் போனேன். லயம் என்கிற தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு, அதன் பின்பக்கம் அம்மா போட்ட சின்னத் தோட்டம், பொன்னாங்காணியும் சவ்சவ் கொடியும் தழைத்துக் கிடக்கிறது. "முந்தியெல்லாம் கீரைன்னா உசுரு மிஸ். நீங்கதான் அவனுக்கு மரக்கறி புடிக்காதுன்னு சொல்லி அனுப்பினீங்க, அதான் நான் அவனுக்குப் போடுறத விட்டுட்டேன்" என்றார் அந்த அம்மா. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு, என்னைக் குறை சொல்லும் எண்ணமே இல்லாமல், சாதாரணமாகச் சொன்னார். வீட்டில் தின்றுகொண்டிருந்த கீரையையும் என் கொப்பி நிறுத்திவிட்டது.

அதற்குப் பிறகு நான் கேட்கிற விதத்தையே மாற்றினேன். இரண்டு சின்னத் தட்டு, இரண்டிலும் ஒரே அளவு, உண்மையான சாப்பாடு. மேசையில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்வேன். மனதுக்குள் பத்து வரைக்கும் எண்ண வேண்டும், அந்தப் பத்து பயங்கர நீளமாக இருக்கும். முதல் நாள் தம்பி தட்டைப் பார்க்கவேயில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார், எந்தத் தட்டுக்கு நான் சிரிக்கிறேன் என்று. அதனால் எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்து யன்னலைப் பார்க்கப் பழகினேன். மறுநாள் தட்டுகளை இடம் மாற்றி வைத்தேன், ஏனென்றால் சிலருக்கு எப்போதும் வலது பக்கம்தான் கை போகும். இடம் மாறியும் அதே சாப்பாட்டுக்கு மூன்று தடவை கை போனால்தான் அதை விருப்பம் என்று எடுத்துக்கொள்வேன்.

நெத்தலி போட்ட கீரைக்குக் கை போனது. பூசணிக்கும் போஞ்சிக்கும் போனது. கரட் சலாதை மட்டும் தட்டோடு தள்ளினார். பச்சைக் கரட்டைக் கடித்தால் வலிக்கிற மாதிரிக் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகிக் கிடந்ததைப் பல் கிளினிக்கில் கண்டுபிடித்தார்கள். அதையும் பதினான்கு மாதம் "விருப்பமில்லை" என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு மூடியிருந்தோம்.

இப்போது எங்கள் கொப்பியில் பதிலுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் இருக்கிறது: எப்படிக் கேட்டோம். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் பதிலை நான் நம்புவதில்லை. படம் வைத்துக் கேட்பவர்கள், இன்டர்நெட்டில் எடுத்த படத்தை வைக்காதீர்கள். நம் தட்டில் இருக்கிற பீட்ரூட் கறியை ஃபோனில் எடுங்கள். வெளிநாட்டுத் தட்டில் இருக்கிற பீட்ரூட் அவருக்கு வேறு ஏதோ சாப்பாடு.

சிவப்பு, மஞ்சள், பச்சை

இதுவும் என் கைவரிசைதான். குளிர்பானப் போத்தலில் சீனிக்கு நிற அடையாளம் போட வேண்டும் என்று 2016 ஆகஸ்டில் இலங்கையில் சட்டம் வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. வாசிக்கத் தெரியாதவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று சந்தோசப்பட்டு "சிவப்பு கூடாது, சிவப்பு கூடாது" என்று வாரக்கணக்காகச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு தங்கச்சி நன்றாகவே பிடித்துக்கொண்டாள். சோடாவை விட்டாள். கூடவே பீட்ரூட்டை விட்டாள், தக்காளியை விட்டாள், சிவப்பரிசிச் சோற்றைப் பார்த்து அழுதாள்.

நிறத்தைச் சொல்லிக் கொடுப்பதானால் போத்தலோடு சேர்த்தே காட்டுங்கள். சிவப்பு அடையாளம் போட்ட 400 மில்லிலீற்றர் போத்தல் என்றால் 44 கிராமுக்கு மேல் சீனி, கிட்டத்தட்ட 11 தேக்கரண்டி. அதைச் சொல்லாமல் வெறும் கிளாசில் ஒவ்வொரு கரண்டியாக அவர் கையாலேயே போடச் சொல்லுங்கள். ஏழாவது கரண்டியில் முகம் மாறும்.

ஓட்ஸும் புரொக்கோலியும்

டயட் தாளை அச்சடித்து லயத்துக்கு அனுப்பாதீர்கள். அங்கே இருப்பது கோதுமை மா, பருப்பு, கருவாடு, கீரை, சம்பளம் போட்ட வாரத்தில் கொஞ்சம் கோழி. அதற்குள் செய்ய முடிகிறதைச் சொல்லுங்கள். வழக்கமான முதல் குற்றவாளி தேத்தண்ணிதான்: நாளுக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு மூன்று கரண்டி என்றால் 60 கிராம் சீனி. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் நிற்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2015இல் கணக்குக் கொடுத்தது. ஆனால் பாட்டி கலக்கிக் கொடுக்கிற தேத்தண்ணியில் பாசமும் இருக்கிறது, ஒரே நாளில் சீனியை நிறுத்தினால் வீட்டில் உங்கள் பெயர் கெட்டுவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரைக் கரண்டி குறைத்தால் யாருக்கும் தெரியாது.

டொபியை லஞ்சமாகக் கொடுப்பது

வேண்டாம். டொபி தீர்ந்த நாளில் தெரியும்.

அவர் முன்னாலேயே அவர் எடையைப் பேசுவது

அவருக்குக் காது கேட்கிறது.

உடம்பு ஏறினால் வாயைத்தான் குற்றம் சொல்வது

டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைரொயிட் குறைவது சாதாரணமாக வருகிற பிரச்சினை, இரத்தப் பரிசோதனை செய்யாமல் பட்டினி போடாதீர்கள். ரிஸ்பெரிடோன், ஒலன்சபின், வல்புரோவேட் மாதிரி மருந்துகள் பசியையும் எடையையும் கூட்டும். மருந்தை நீங்களாக நிறுத்தாமல், டொக்டரிடம் கேளுங்கள். பிராடர்-வில்லி என்று ஒன்று இருக்கிறது, 15ஆம் நிறமூர்த்தத்தில் வருகிற மாற்றம், சாப்பிட்டாலும் வயிறு நிறைந்தது தெரியாது. அவர்களுக்கு அலுமாரியைப் பூட்டி வைப்பதுதான் பாதுகாப்பு. அதைப் பார்த்துவிட்டு மற்ற எல்லாருக்கும் பூட்டுப் போடுகிறவர்களும் உண்டு.

சாப்பிடும்போது வருகிற இருமல்

ரொட்டியைக் கரைத்துப் பார்ப்போமா, மசித்துப் பார்ப்போமா என்று வீட்டு வைத்தியம் வேண்டாம். விழுங்குவதைப் பரிசோதிக்க ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். மூச்சுக்குழாயில் அடைத்தால் விளையாட்டு இல்லை.

தெரிவு செய்யச் சொல்லிவிட்டு முகத்தைத் தூக்குவது

தட்டை வைத்தீர்கள், அவர் கேக்கை எடுத்தார், நீங்கள் "ச்சீ, அது வேணாம்" என்றீர்கள். அப்படியானால் எதற்கு வைத்தீர்கள்? இங்கிலாந்தில் 2005இல் வந்த மனத்திறன் சட்டத்தில் ஒரு வரி உண்டு, ஒருவர் புத்திசாலித்தனமில்லாத முடிவெடுத்தார் என்பதற்காக மட்டும் அவருக்கு முடிவெடுக்கத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. இங்கே அந்தச் சட்டம் இல்லை. நானும் பத்தாம் திகதி சம்பளம் வாங்கியதும் கொத்து ரொட்டி சாப்பிடுகிறவள்தான், யாரும் என் கொப்பியில் அதை எழுதுவதில்லை.

தம்பியை மாதம் ஒருமுறை டவுனுக்குக் கூட்டிப் போவேன், காசு அவர் பையில்தான் இருக்கும். போன தடவை பஸ் ஸ்டாண்ட் கடையில் பருப்பு வடை சூடாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு எடுத்தார். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. மூன்றாவதுக்குக் கை போனபோது "பஸ்ஸுக்குக் காசு?" என்று மட்டும் கேட்டேன். பையைத் திறந்து தாள் தாளாக எண்ணினார். கொஞ்ச நேரம் வடையைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார்.