ஆரஞ்சு முனை நெல்லையில் செல்லாது

ஒரு ஆனித் தேரோட்டத்துக்கு நியூஜெர்சியிலிருந்து அக்கா குடும்பம் வந்திருந்தது. பன்னிரண்டு வயசு மருமகன் தன் பெட்டிக்குள் ஏர்சாஃப்ட் கைத்துப்பாக்கி (பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கி) ஒன்றைப் போட்டுக் கொண்டுவந்துவிட்டான். கன்னங்கரேல் என்று இருக்கும், குழல் நுனியில் மட்டும் ஆரஞ்சு நிறம். தெருப் பயல்களுக்கு அந்த ஆரஞ்சு பிடிக்கவில்லை. "நெசத் துப்பாக்கி மாரி இல்லையேடே" என்று நெம்பி எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் தாமிரபரணிக் குறுக்குத்துறைப் படித்துறையில் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவனைப் பார்த்து யாரோ போலீசுக்குப் போன் போட்டிருக்கிறார்கள். நான் ஓடிப்போய்ச் சேரும்போது, பைக்கில் வந்த இரண்டு போலீஸ்காரர்களில் ஒருவர் மேகசினைக் கழற்றிக்கொண்டிருந்தார். வெள்ளைப் பிளாஸ்டிக் குண்டுகள் படிக்கல்லில் உருண்டு ஒவ்வொன்றாக ஆற்றுக்குள் விழுந்தன. "தள்ளி நின்னு பாத்தா எனக்கு இது நெசத் துப்பாக்கிதான் சார். தம்பி இதை என் பக்கம் திருப்பியிருந்தான்னா?" என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. பிள்ளைகளோடு ஊருக்கு வருகிறவர்களுக்கு அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் 1988-இல் வந்த சட்டப்படி, பொம்மைத் துப்பாக்கியையும் ஏர்சாஃப்டையும் விற்கவோ இறக்குமதி செய்யவோ குழல் நுனியில் பளிச்சென்ற ஆரஞ்சு அடையாளம் வேண்டும். 2014 நவம்பரில் கிளீவ்லாந்தில் டாமிர் ரைஸ் என்ற சிறுவன் போலீஸ் சுட்டு இறந்தபோது, அவனிடம் இருந்த ஏர்சாஃப்டில் அந்த ஆரஞ்சு முனை இல்லை. அவனுக்கும் வயசு பன்னிரண்டுதான். பிரிட்டனில் வேறு வழி. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, அச்சு அசலாக இருக்கும் போலித் துப்பாக்கியைச் சாதாரண ஆள் வாங்க முடியாது. அதனால் நீலம், பச்சை, மஞ்சள் என்று பாதிக்கு மேல் நிறம் பூசி விற்கிறார்கள். இந்த அடையாளமெல்லாம் அந்தந்த ஊர்ப் போலீசுக்கும் சனங்களுக்கும் தெரியும். நம் டவுன் ரதவீதியில் கூட்டத்துக்கு நடுவே ஆரஞ்சு முனையைப் பார்த்து "இது பொம்மை" என்று விலகிப் போக யாருக்கும் பழக்கம் இல்லை.

இந்தியச் சட்டம் நிறத்தைவிட அளவைப் பார்க்கிறது. 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் உள்ள ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம். ஏர்சாஃப்டின் ஆற்றல் பெரும்பாலும் ஒன்றிரண்டு ஜூல்தான், ஆனால் குண்டு 6 மில்லிமீட்டர், அந்த 4.5-ஐத் தாண்டிவிடுகிறது. அதோடு 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் அசல்போலவே செய்த போலித் துப்பாக்கியையும் கணக்கில் சேர்த்திருக்கின்றன. "விளையாட்டுச் சாமான்தானே" என்று கஸ்டம்ஸில் வாதாடி ஜெயிப்பது கஷ்டம். சென்னை வழியாகத் தூத்துக்குடி வாகைக்குளத்துக்கு வருகிறவர்களுக்குச் சென்னையிலேயே கஸ்டம்ஸ், பிறகு உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி சோதனை. கைப்பையில் பொம்மைத் துப்பாக்கிக்குக்கூட அனுமதி இல்லை. வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

மேற்கே மலைப்பக்கம் போகும்போது இன்னும் கவனம் வேண்டும். பாபநாசம், மணிமுத்தாறு, ஆடி அமாவாசைக்குக் கூட்டம் அலைமோதும் சொரிமுத்து அய்யனார் கோயில் எல்லாம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியும் உள்ளேயும் இருக்கின்றன. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதம் கொண்டுபோகக் கூடாது. வலை, கண்ணி, விலங்குக்குக் காயம் உண்டாக்கும் எந்தக் கருவியும் அந்தச் சட்டத்தில் ஆயுதம்தான். செக்போஸ்ட்டில் பையைத் திறந்து பார்ப்பார்கள். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போகிறவர்கள் உண்டிவில்லைக்கூடக் காரில் வைக்காதீர்கள். பறவைகளுக்காகத் தீபாவளி வெடியையே விட்டுக்கொடுத்த சனங்கள் அந்த ஊர்க்காரர்கள்.

இன்னொன்று, துப்பாக்கியோடு படம் எடுத்துப் போடாதீர்கள். சாதி மோதல்களில் இளவட்டங்களை இழந்த மாவட்டம் இது. அரிவாளோடு ரீல்ஸ் போடுகிறவர்களைப் போலீஸ் தேடிப் பிடிக்கிறது. வெளிநாட்டுப் பிள்ளை விளையாட்டாகப் போட்ட படம் எந்தத் தெருப் பெயரோடு யார் போனுக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

பிள்ளைக்கு ஆசையாக இருந்தால் இங்கேயே தீபாவளிக் கடையில் சுருள் கேப்புத் துப்பாக்கி வாங்கிக் கொடுங்கள். எங்கள் மருமகன் மொட்டைமாடியில் ஒரு பெட்டிக் கேப்பையும் ஒரே சாயங்காலத்தில் தீர்த்தான். கைவிரலெல்லாம் கந்தக வாசனை. ஆனால் திரும்பும்போது கேப்பு எந்தப் பெட்டியிலும் போகாது, அது வெடிமருந்து. துப்பாக்கியும் வேண்டாம். அசல்போல இருந்தால் கனடாவிலும் பிரிட்டனிலும் இறங்கும்போது பறிமுதல், வழக்கு என்று போகும். சிங்கப்பூர், மலேசியா சட்டங்கள் அதைவிடக் கடுமை. எங்கள் வீட்டில் அந்தக் கேப்புத் துப்பாக்கி ஆச்சியின் அலமாரி மேல்தட்டில், மருமகன் பெயர் எழுதிய காகிதத்தில் சுற்றி, அடுத்த லீவுக்காக இருக்கிறது.