ஆன்டோங் ஜிம்டாக்: கோழியும் கண்ணாடி நூடுல்ஸும் ஒரே சட்டியில்

தென்கொரியாவின் வட கியோங்சாங் மாகாணத்தில் உள்ள ஆன்டோங் நகரின் பழைய சந்தையில், கோழி உணவகங்கள் வரிசையாக அமைந்த சந்து ஒன்று இருக்கிறது. 1980களில் அந்தச் சந்தில் உருப்பெற்று, 2000ஆம் ஆண்டையொட்டி நாடெங்கும் பரவிய உணவுதான் ஜிம்டாக். ‘ஜிம்’ என்பது குறைந்த நீரில் மூடி வேகவைப்பதையும், ‘டாக்’ என்பது கோழியையும் குறிக்கும். கொரியச் சமையல் என்றதும் நினைவுக்கு வரும் சிவப்பு மிளகாய் விழுது இதில் சேர்வதில்லை. சோயா சாஸின் உப்பும் சர்க்கரையின் இனிப்பும் காய்ந்த மிளகாயின் காரமும் கலந்த கரும்பழுப்புக் குழம்புதான் இதன் அடையாளம்.

நான்கு பேருக்கு, எலும்போடு நடுத்தரத் துண்டுகளாக வெட்டிய ஒரு கிலோ கோழி போதும். எலும்பு நீங்கிய நெஞ்சுக்கறி வேண்டாம். குழம்பு சுண்டுவதற்குள் அது நார்நாராக வறண்டுவிடும். இரண்டு உருளைக்கிழங்கு, ஒரு கேரட், ஒரு பெரிய வெங்காயம், மூன்று வெங்காயத்தாள், ஐந்து காய்ந்த மிளகாய், இரண்டு பச்சை மிளகாய் ஆகியவற்றை எடுத்துக்கொள்ள வேண்டும். குழம்புக்கு 100 மில்லி சோயா சாஸ், 3 மேசைக்கரண்டி நாட்டுச் சர்க்கரை, நசுக்கிய பூண்டு 8 பல், துருவிய இஞ்சி ஒரு தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, தண்ணீர் 600 மில்லி ஆகியவற்றை ஒன்றாகக் கலந்து வைக்கலாம். ஃப்ரைட் ரைஸுக்கு நிறத்துக்காகச் சேர்க்கும் கெட்டியான ‘டார்க்’ சோயா சாஸை இந்த அளவுக்கு ஊற்றினால் கசப்பு தட்டும். கொரிய சோயா சாஸ் கிடைக்காவிட்டால், நீர்த்த பதத்தில் உள்ள சாதாரண வகையைத் தேர்ந்தெடுப்பதே சரி.

நூடுல்ஸைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தச் சமையல் பெரும்பாலும் பிசகுவது அங்கேதான். இதற்கு உரியது டாங்மியோன் எனப்படும் சர்க்கரைவள்ளிக்கிழங்கு மாவு நூடுல்ஸ். காய்ந்த நிலையில் சாம்பல் நிறக் கம்பிபோல் விறைப்பாக இருக்கும் அது, வெந்ததும் கண்ணாடிபோல் தெளிந்து, இழுத்தால் ரப்பர்போல் மீளும். கோதுமை நூடுல்ஸுக்கும் சேமியாவுக்கும் அந்த இழுவை கிடையாது. இந்தக் குழம்பில் அவை குழைந்துபோகும். 150 கிராம் டாங்மியோனை வெதுவெதுப்பான தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவிடவும். ஓர் இழையை எடுத்து விரலில் சுற்றினால் ஒடியாமல் வளைய வேண்டும்; அதுவே பதம். ஊறவைக்காமல் அப்படியே குழம்பில் போட்டால், இழை வேகும் முன்பே குழம்பு முழுவதையும் உறிஞ்சிக்கொண்டு சட்டியின் அடியில் ஒட்டிக்கொள்ளும்.

நூடுல்ஸ் ஊறும் நேரத்தில் கோழியைக் கவனிக்கலாம். கொதிக்கும் தண்ணீரில் துண்டுகளைப் போட்டு மூன்று நிமிடம் விட்டால், எலும்பருகே இருந்த இரத்தமும் சாம்பல் நிற நுரையும் மேலே திரண்டு வரும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, துண்டுகளைக் குளிர்ந்த நீரில் அலசினால் குழம்பு கலங்காமல் பளபளப்பாக வரும். இதை வீண்வேலை என்று தவிர்த்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடிகனமான அகன்ற வாணலியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, ஒரு மேசைக்கரண்டி வெள்ளைச் சர்க்கரையைச் சிறுதீயில் உருக்கவும். அது தேன் நிறத்தைக் கடந்து செம்பழுப்பானதும் தாமதிக்காமல் கோழியைச் சேர்த்துப் புரட்ட வேண்டும். அரை நிமிடம் தாமதித்தாலும் சர்க்கரை கருகிக் கசந்துவிடும். துண்டுகளில் ஈரம் இருந்தால் சூடான பாகு தெறிக்கும் என்பதால், நீரை நன்றாக வடித்த பிறகே போடவும். பின்னர் காய்ந்த மிளகாயை இரண்டாகக் கிள்ளிப் போட்டு, கலந்து வைத்த குழம்பை ஊற்றி, மூடி, நடுத்தரத் தீயில் 15 நிமிடம் வேகவிடலாம். பிரஷர் குக்கர் இதற்கு உதவாது. கறி உதிரும், குழம்பும் சுண்டாது.

அடுத்து, பெரிய துண்டுகளாக நறுக்கிய உருளைக்கிழங்கையும் கேரட்டையும் சேர்க்க வேண்டும். கிழங்கின் கூரான ஓரங்களைக் கத்தியால் சற்றே மழித்துவிட்டால் அது கரைந்து குழம்பைக் கூழாக்காது. பத்து நிமிடத்தில் கிழங்கு முக்கால் பதம் வெந்ததும் வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் போட்டு, வாணலியில் எவ்வளவு குழம்பு இருக்கிறது என்று பார்க்கவும். ஒன்றரைக் கோப்பை அளவாவது இருந்தால்தான் நூடுல்ஸுக்குப் போதும். குறைந்திருந்தால் கொதிநீர் சேர்த்துக்கொள்ளலாம். நூடுல்ஸை வடித்து, குழம்பில் அமிழும்படி பரப்பி, மூடியை எடுத்துவிட்டுத் தீயைக் கூட்டவும். ஆறேழு நிமிடத்தில், அடிபிடிக்காமல் கிளறக் கிளற, சாம்பல் நிற இழைகள் பழுப்பேறித் தெளியும். குழம்பும் கறியின்மேல் பூச்சாகப் படியும். கரண்டியால் ஒதுக்கினால் வாணலியின் அடியில் இன்னும் சிறிது குழம்பு ஓடும் நிலையிலேயே இறக்கிவிட வேண்டும், ஏனெனில் பரிமாறிய பிறகும் நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வெங்காயத்தாள், ஒரு மேசைக்கரண்டி வறுத்த எள்ளின் எண்ணெய், வறுத்த எள் ஆகியவற்றைக் கடைசியில் தூவலாம். நம் செக்கு நல்லெண்ணெய்க்கு அந்த வறுத்த வாசனை கிடையாது என்பதால், அதைச் சேர்ப்பவர்கள் எள்ளைச் சற்றுக் கூடுதலாக வறுத்துப் பொடித்துப் போடுவது நல்லது.

கொரியர்கள் இதைப் பெரிய தட்டில் மேசையின் நடுவே வைத்து, நீண்ட நூடுல்ஸைச் சமையல் கத்தரிக்கோலால் அங்கேயே வெட்டிப் பகிர்ந்துகொள்வார்கள். முதலில் நூடுல்ஸைத்தான் உண்ண வேண்டும், காத்திருந்தால் அது ஊதிவிடும். கறியும் கிழங்கும் தீர்ந்தபின் தட்டில் தங்கும் குழம்பில் சூடான சோற்றைப் போட்டுப் பிசைந்து உண்பார்கள். அதற்காக ஒரு கிண்ணம் சோற்றை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.