அரசுக் கல்லூரியில் விலங்கியல்: சேரும் முன் போட வேண்டிய கணக்கு

தருமபுரியில் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். நானும் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல் முடித்தவன்தான். பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு, நீட்டில் மார்க் எட்டாத பிள்ளைகள் பெற்றோரோடு கடைக்கு வருவார்கள். "ஸுவாலஜி போட்டா சம்பாதிக்க முடியுமாண்ணே?" என்பதுதான் முதல் கேள்வி. அவர்களுக்குப் போட்டுக் காட்டும் கணக்கை இங்கே எழுதிவிடுகிறேன்.

கையிலிருந்து போகும் பணம் சொற்பம். விண்ணப்பத்துக்கு 50 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. என்றால் 2 ரூபாய். இளங்கலைக்குக் கல்விக் கட்டணமே கிடையாது. மற்ற கட்டணங்கள் சேர்ந்து ஆண்டுக்குச் சில ஆயிரம்தான். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்திருந்தால் பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் விழும். அறுவைப் பெட்டி வாங்கச் சொல்வார்களோ என்று சில அப்பாக்கள் கேட்பார்கள். தவளை, கரப்பான் அறுப்பதையெல்லாம் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2014-லேயே நிறுத்தச் சொல்லிவிட்டது.

அதனால் 'இலவசப் படிப்பு' என்று எழுதிவிடாதீர்கள். அதே பையன் ஒசூரில் ஒரு கம்பெனிக்குக் கான்ட்ராக்டில் போனால் கைக்கு மாதம் 13,000 என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடத்துக்கு 4,68,000. உதவித்தொகை 36,000-ஐக் கழித்தால் 4,32,000. பட்டத்தின் நிஜ விலை இதுதான். பட்டம் வாங்கியும் அதே 13,000 சம்பளத்துக்குக் கடையில் பில் போட்டால் அவ்வளவும் நஷ்டம். ஆகவே பி.எஸ்சி.க்கு அடுத்த படி என்ன என்பதை இரண்டாம் வருடம் முடிவதற்குள் தீர்மானித்துவிட வேண்டும்.

பாடத்தின் பெயரில் கவனம் வேண்டும். பயோடெக்னாலஜி, மைக்ரோபயாலஜி என்றால் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அரசுப் பள்ளி ஆசிரியர் வேலைக்கு தாவரவியல், விலங்கியல் என்றுதான் இடம் ஒதுக்குவார்கள். வேறு பெயரில் பட்டம் வாங்கினால், அது இதற்கு இணையா என்று அரசாணையைத் தேடிக்கொண்டு அலைய வேண்டியிருக்கும். யுபிஎஸ்சி நடத்தும் இந்திய வனப்பணித் தேர்வின் தகுதிப் பட்டியலிலும் விலங்கியலும் தாவரவியலும் பெயர் சொல்லியே இருக்கின்றன. அரசு வேலைதான் எண்ணம் என்றால் பழைய பெயரையே எடுங்கள்.

அடுத்தது தமிழ் வழியா, ஆங்கில வழியா என்பது. பள்ளியிலிருந்தே தமிழ் வழி என்றால் கல்லூரியிலும் தமிழ் வழியில் சேருங்கள் என்பேன். மாநில அரசு நேரடி நியமனத்தில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீதம் தனி இடம் உண்டு. தொடர்ந்து வந்த சங்கிலியை நடுவில் அறுத்தால் அது போச்சு. ஆங்கிலத்தை வெளியே பழகிக்கொள்ளலாம், ஆனால் கட்டாயம் பழக வேண்டும்.

ஏனென்றால் பட்டம் முடித்த கையோடு சம்பளம் தரும் வேலைகளில் முக்கியமானது மெடிக்கல் கோடிங். அமெரிக்க மருத்துவமனைகளின் நோயாளிக் குறிப்பைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய எண்ணைப் போடும் வேலை. சென்னை, கோவை, திருச்சி என்று போக வேண்டியிருக்கும். நேர்காணலில் உடற்கூறியல்தான் கேட்பார்கள். 'ஐடிஸ்' என்று முடிந்தால் அழற்சி, 'எக்டமி' என்றால் வெட்டி எடுப்பது, 'ஆட்டமி' என்றால் கீறித் திறப்பது. 'நெஃப்ரோ' சிறுநீரகம், 'ஹெபட்டோ' கல்லீரல். இப்படி ஒரு நாற்பது பக்க நோட்டு நிறைய எழுதி மனப்பாடம் செய்துவிட்டுப் போங்கள். இதற்கென்று கோச்சிங் சென்டரில் பெருந்தொகை கட்டாதீர்கள்; ஆளை எடுத்துத் தாங்களே பயிற்சி கொடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கே முயன்று பார்த்துவிட்டு மற்றதை யோசிக்கலாம். சேர்ந்த பிறகு கோடிங் வேலைக்கென்றே இருக்கும் சிபிசி சான்றிதழ் தேர்வு எழுதினால் சம்பளம் நகரும்.

ஆஸ்பத்திரி லேப் வேலை பற்றி நிறையப் பேர் தப்பாக நினைத்திருக்கிறார்கள். விலங்கியல் பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு அரசு ஆய்வக நுட்புநர் ஆக முடியாது, டி.எம்.எல்.டி. என்ற ஆய்வகப் பட்டயப் படிப்பு மாதிரித் தனிச் சான்று வேண்டும்.

ஆசிரியர் வேலைக்கு இன்னும் இரண்டு வருடம் பி.எட்., அப்புறம் ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டில் இரண்டாம் தாள், அதன்பின் ஆசிரியர் தேர்வு வாரியமான டிஆர்பி நடத்தும் தேர்வு. பட்டதாரி ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 36,400-ல் தொடங்கும், அகவிலைப்படி தனி. நல்ல சம்பளம்தான். ஆனால் அறிவிப்பு வருடா வருடம் வராது. 2023 அக்டோபரில் வந்தபோது எல்லாப் பாடத்துக்கும் சேர்த்தே 2,222 இடம். காத்திருக்கும் வருடங்களையும் மேலே போட்ட 4,32,000-உடன் கூட்டிக்கொள்ளுங்கள். வேறு வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்குத்தான் இந்த வழி கட்டுப்படியாகும்.

படிப்பில் நிஜமாகவே ஆர்வம் இருக்கிற பிள்ளைக்கு இன்னொரு வழி உண்டு, அதைச் சொல்ல எங்கள் பக்கம் ஆள் இல்லை. மூன்றாம் வருடம் பிப்ரவரியில் நடக்கும் ஜாம் தேர்வில் பயோடெக்னாலஜி தாள் எழுதலாம்; விலங்கியல் மாணவரும் எழுதலாம். தேறினால் ஐஐடியில் எம்.எஸ்சி. வாய்ப்பு. முதுகலைக்குப் பின் சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, பிறகு 42,000. பிஎச்.டி. படிக்கும்போதே வரும் பணம் இது.

எந்த வழியில் போனாலும், டி.சி. வாங்கும் நாளிலேயே தமிழ் வழிச் சான்றிதழையும் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டோடும், பதிவு எண் கல்லூரி மார்க் ஷீட்டோடும் ஒத்துப்போகிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். விண்ணப்பத்தின் கடைசி நாளன்று சாயங்காலம் என் கடைக்கு வந்து, "இனிஷியல் தப்பா இருக்குண்ணே" என்றால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.