சி.டிஃப் தொற்று: ஆய்வகச் சீட்டை மட்டும் நம்பினால் நேரும் தவறுகள்

ஆன்டிபயாடிக் எடுத்துக்கொள்ளும் நோயாளிக்கு வயிற்றுப்போக்கு வந்தால் சி.டிஃப் எனப்படும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் கிருமியைச் சந்தேகிப்பது சரிதான். சிக்கல் அதற்குப் பிறகு தொடங்குகிறது. இந்தக் கிருமி எந்த நோயும் உண்டாக்காமல் குடலில் வெறுமனே குடியிருக்கவும் கூடும். பி.சி.ஆர். சோதனை, நச்சை உண்டாக்கும் மரபணு இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது. நச்சு உண்மையில் சுரக்கிறதா என்று அறிய, நச்சையே தேடும் சோதனை வேண்டும்.

24 மணி நேரத்தில் 3 முறையோ அதற்கு மேலோ, வேறு காரணமில்லாமல் இளகிய மலம் போனால்தான் மாதிரி அனுப்ப வேண்டும். நடப்பது என்ன? மருந்து அட்டவணையில் முந்தைய இரவு லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி கொடுத்ததாக நர்ஸின் கையெழுத்து இருக்கும். காலையில் மல மாதிரி ஆய்வகத்துக்குப் போயிருக்கும். பாசிட்டிவ் என்று வந்தவுடன் சிகிச்சை தொடங்கிவிடும். அட்டவணையை ஒருமுறை புரட்டியிருந்தால் போதும், பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும். குணமானதை உறுதிசெய்ய மறுபடி சோதிப்பதும் வீண். நோய் நீங்கிய பிறகும் வாரக்கணக்கில் பாசிட்டிவ் வரலாம். ஆனால் ஒரு விதிவிலக்கை மறக்கக் கூடாது: குடல் அசைவே நின்று வயிறு உப்பிய நோயாளிக்கு வயிற்றுப்போக்கே இல்லாமலும் தொற்று முற்றியிருக்கலாம்.

சிகிச்சையில் பெரிய தவறு, இந்தத் தொற்றுக்கான ஆன்டிபயாடிக்கான வான்கோமைசினை நரம்பு ஊசியாக மட்டும் ஏற்றுவது. அப்படி ஏற்றினால் பெருங்குடலுக்குப் போதிய அளவில் அது போய்ச் சேராது. வாய்வழியாக 125 மி.கி., நாளுக்கு 4 முறை, 10 நாள் என்பது வழக்கமான அளவு. ஃபிடாக்ஸோமைசின் என்ற மற்றொரு ஆன்டிபயாடிக் கிடைத்தால் அதுவே மேல். நோய் திரும்பி வருவது குறைவு. பழக்கத்தால் எல்லோருக்கும் மெட்ரோனிடசோல் என்ற பழைய மருந்தை மட்டும் எழுதுவதைக் கைவிட வேண்டிய காலம் இது. நோயைத் தூண்டிய ஆன்டிபயாடிக்கை, நிறுத்த இயன்றும், நிறுத்தாமல் விடுவது இன்னொரு தவறு.

கைகழுவுவதைப் பற்றி ஒரு சொல்: ஆல்கஹால் திரவம் இதன் வித்துகளைக் கொல்லாது. சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும்.

குறிப்பேட்டில் 'வயிற்றுப்போக்கு, சி.டிஃப் பாசிட்டிவ்' என்ற ஒற்றை வரி எனக்கு ஆகாத ஒன்று. அதிலிருந்து எதையும் அறிய முடியாது. எப்போது தொடங்கியது, நாளுக்கு எத்தனை முறை, எந்தச் சோதனை, முன்பு எடுத்த ஆன்டிபயாடிக் எது என்று எழுத வேண்டும். ரத்த வெள்ளணுக்கள் (ஒரு மைக்ரோலிட்டரில்) 15,000 அல்லது அதற்கு மேலா, சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.5 மி.கி./டெ.லி.-ஐத் தாண்டியதா என்பதைக் குறிக்காமல் 'கடுமையானது' என்று எழுதினால் அடுத்துப் பார்ப்பவர் குழம்புவார். முதல் முறையா, குணமாகி 8 வாரத்துக்குள் திரும்பியதா என்பதும் வேண்டும். மருந்துத் தேர்வே அதனால் மாறும். சேர்க்கும்போதே வயிற்றுப்போக்கு இருந்திருந்தால் அன்றே பதிந்துவிடுங்கள். மாதிரி 4-ஆம் நாள் போனால், மாதிரி எடுத்த தேதியை வைத்துக் கணக்கிடும் கண்காணிப்பு முறைகளில் அது மருத்துவமனையில் வந்த தொற்றாகவே எண்ணப்படும்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்து முடியும் தேதியை எழுதுங்கள். பத்து நாளில் ஆறு நாள் உள்நோயாளியாக முடிந்திருந்தால், மீதி நான்கு நாள் மாத்திரையை வாங்காமலேயே வீட்டுக்குப் போகிறவர்கள் உண்டு.