எம்51 சுருள் கேலக்ஸியை நோக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சப்தரிஷி மண்டலத்தின் வால் நுனியில் இருக்கும் மரீசி நட்சத்திரத்திலிருந்து சுமார் மூன்றரைப் பாகை தள்ளி எம்51 என்ற சுருள் கேலக்ஸி இருக்கிறது. பிரெஞ்சு வானியலாளர் சார்லஸ் மெசியே 1773இல் இதைக் கண்டபோது, நட்சத்திரங்கள் தெரியாத மிக மங்கலான முகில் என்றே குறித்துவைத்தார். இதன் சுருள் வடிவத்தை, அயர்லாந்தின் பர் கோட்டையில் தாம் நிறுவிய 72 அங்குலத் தொலைநோக்கியின் வழியே ரோஸ் பிரபு 1845இல் கண்டு வரைந்தார். ஆகவே, ஹபிள் தொலைநோக்கி எடுத்த வண்ணப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு சிறு தொலைநோக்கியில் கண்ணை வைப்பதுதான் முதல் தவறு. அதில் தெரிவது எம்51உம் அதன் துணைக் கேலக்ஸியுமாக அருகருகே இரண்டு சாம்பல் நிறத் திட்டுகள் மட்டுமே. மங்கிய ஒளியில் நம் கண் நிறம் பிரித்தறியாது என்பதால், இளஞ்சிவப்பு வாயு முகில்களைத் தேடிப் பயனில்லை.

வானியல் பட்டியலில் ஒரு பொருளின் மொத்தப் பொலிவைக் குறிக்கும் பொலிவெண்ணை அப்படியே நம்புவது அடுத்த தவறு. எம்51இன் பொலிவெண் 8.4, மரீசிக்கு மறுபுறம் உள்ள எம்101 என்ற மற்றொரு சுருள் கேலக்ஸியின் எண் ஏறத்தாழ 7.9. எண் குறைந்தால் பொலிவு அதிகம் என்பதால் எம்101தான் எளிதில் தெரியும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை நேர்மாறானது: எம்101இன் ஒளி மிகப் பெரிய பரப்பில் பரவிக்கிடப்பதால், நிலவொளியோ நகர வெளிச்சமோ சற்று இருந்தாலும் அது காணாமல் போய்விடும். இதற்குத் தீர்வு உருப்பெருக்கத்தைக் கூட்டிக்கொண்டே போவதன்று, இருண்ட இடத்துக்குப் போவது. அங்கே கண் இருளுக்குப் பழக அரை மணி நேரம் கொடுத்து, இடையில் கைப்பேசியைத் திறக்காமல், திட்டை நேராகப் பார்க்காமல் சற்று ஓரமாகப் பார்க்க வேண்டும்.

சுருள் கரங்களுக்கு இடையே வெற்றிடம் என்று கருதுவதும் பிழை. அங்கும் நட்சத்திரங்கள் உண்டு. புதிதாகப் பிறந்த நீல நிற நட்சத்திரங்கள் செறிந்திருப்பதால்தான் கரங்கள் எடுப்பாகத் தெரிகின்றன. கரம் என்பது நட்சத்திரங்கள் நிரந்தரமாக ஒட்டிக்கொண்ட பொருளும் அன்று. அப்படி இருந்தால், உட்பகுதி விரைவாகச் சுற்றி முடிப்பதால் கரங்கள் இறுகச் சுருண்டு உருத்தெரியாமல் போயிருக்கும். சுங்கச்சாவடியில் வாகனங்கள் வந்து போய்க்கொண்டிருந்தாலும் நெரிசல் அங்கேயே நிற்பதைப் போல, கரம் ஓர் அடர்த்தி அலை என்று ஆய்வாளர்கள் சி.சி.லின்னும் ஃபிராங்க் ஷூவும் 1964இல் விளக்கினார்கள். எம்51இல் துணைக் கேலக்ஸியான என்ஜிசி 5195இன் ஈர்ப்புக்கும் இதில் பங்குண்டு. அந்தத் துணையைக் கரத்தின் நுனியில் கோத்ததாகப் படம் காட்டினாலும், அது உண்மையில் கரத்துக்குப் பின்னால் இருக்கிறது.

கேலக்ஸி சுழல்வதைப் படங்களை ஒப்பிட்டே பார்த்துவிடலாம் என்ற எண்ணம் வானியலாளரையே ஏமாற்றியிருக்கிறது. அட்ரியான் வான் மானென் 1916இல் எம்101இன் ஒளிப்படத் தகடுகளை ஒப்பிட்டு, சுழற்சியை அளந்துவிட்டதாக அறிவித்தார். அவ்வளவு நகர்வு தெரிய வேண்டுமானால் கேலக்ஸி நம் அருகில் இருந்தாக வேண்டும். அதையே சான்றாகக் கொண்டு ஹார்லோ ஷாப்லி 1920இல் சுருள்கள் தனிக் கேலக்ஸிகள் அல்ல என்று வாதிட்டார். சில ஆண்டுகளில் எட்வின் ஹபிள் ஆண்ட்ரோமீடா என்ற சுருளில், தொலைவைக் கணிக்க உதவும் சீஃபீட் வகை மாறொளிர் விண்மீன்களைக் கண்டறிந்து, அது பால்வீதிக்கு வெகு தொலைவுக்கு அப்பால் இருப்பதைக் காட்டினார். சூரியன் பால்வீதியை ஒருமுறை சுற்றிவரவே 20 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும் நிலையில், சில ஆண்டு இடைவெளியில் எடுத்த தகடுகளில் அந்தச் சுழற்சி தெரிய வாய்ப்பே இல்லை.